காப்பி மலையில் நான் அடைத்த குழாய்

போன வாரம் நீங்கள் நான்கு பேரும் சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தண்ணீர் சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றீர்கள். உங்களில் ஒரு பெண் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இது எந்த ஊரு மேடம்?" என்று கேட்டாள். மலையில் காப்பி விளைகிற ஒரு ஊர், அங்கே முதல்முதலாகக் குடிதண்ணீர்க் குழாய் திறந்த நாளில் எடுத்தது என்று சொன்னேன். நல்ல திட்டம், நல்ல ஜனங்கள் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு மனசு சரியில்லை. நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தக் குழாயை, ஐந்து மாதம் கழித்து நானே போய் அடைத்தேன். மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது. மிச்சப் பாதியைச் சொல்லாமல் உங்களை அனுப்பியது சரியில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். குளோரின் அளவு, பரிசோதனை முறை எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நான் தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் இருந்தவள். எங்கள் நிறுவனம் சிறியது. சங்கரன்கோவிலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் ஆய்வகம். மேலநீலிதநல்லூர் பக்கம் கரிசல் காட்டுக் கிராமங்களில்தான் எங்களுக்கு அதிக வேலை. அங்கே கிணற்றில் உப்பு, போர்வெல்லில் உப்பு. உப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு மலை புதிது.

அந்த ஊர் சிவகிரிக்கு மேற்கே ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். நாற்பது வீடு இருக்கும். சிலருக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சொந்தத் தோட்டம். மற்றவர்கள் பழம் பறிக்கப் போகிறவர்கள். காப்பிச் செடியும், நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களும், அதில் ஏறிய மிளகுக் கொடியுமாக முதல் தடவை பார்த்தபோது, இங்கே தண்ணீருக்கு என்ன குறை இருக்க முடியும் என்றுதான் நினைத்தேன். ஊரை ஒட்டி ஓடை ஓடுகிறது. எட்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் போலத்தான் இருக்கும்.

மிச்ச நான்கு மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியவள் பேச்சியம்மாள். பழம் பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் முன்னால் நிற்பவள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். தண்ணீர் மாதிரிகளை வைக்கிற ஐஸ் பெட்டியும் பையுமாக நான் போய் இறங்கியதும், படித்தவள் என்றால் டீச்சராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டாள். கடைசிவரை அங்கே எனக்கு அதுதான் பெயர்.

பறித்த காப்பிப் பழத்தின் தோலை உரிப்பதற்கு பல்ப்பர் என்று ஒரு மிஷின் உண்டு. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். தோலும் கொழகொழப்பும் கலந்த அந்தத் தண்ணீரை மேலே இருக்கிற தோட்டங்களில் ஓடையில் விட்டுவிடுவார்கள். பறிப்புக் காலத்தில் ஓடை பழுப்பு நிறத்தில் நுரைத்து ஓடும். புளித்துப்போன மாவும் சாக்கடையும் சேர்ந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. பேச்சியம்மாள் ஒரு சொம்பில் மொண்டு என் முன்னால் நீட்டினாள்.

"காப்பி குடிக்கிறவுகளுக்கு வாசம். எங்களுக்கு இந்த வாடை. மோந்து பாருங்க டீச்சர்."

அதைத்தான் வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வயிற்றுப்போக்கு வராத வீடு கிடையாது.

ஊருக்கு மேலே ஞானமுத்து அண்ணாச்சி என்பவருடைய தோட்டத்தில் பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. வற்றாத ஊற்று. அங்கேயிருந்து குழாய் போட்டால் மோட்டார் இல்லாமல் தானாகவே தண்ணீர் ஊருக்கு இறங்கிவிடும். அவரிடம் கேட்கப் போனோம். அரை நாள் பேச வேண்டியிருக்கும் என்று எங்கள் ஆட்கள் தயாராகப் போனார்கள். அவர் பேச்சே வளர்க்கவில்லை.

"எடுத்துக்கோங்க. நானும் அதத்தான குடிக்கேன். கீழ இருக்கவுக மட்டும் என்னத்துக்கு ஓடைத் தண்ணியக் குடிக்கணும்?" என்றார். அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் பள்ளம் தோண்டினார்கள். குழாயை நாங்கள் பதித்து, ஊர் முகப்பில் தண்ணீர் சேர ஒரு தொட்டியும் கட்டினோம். ஆவணியில் தண்ணீர் வந்தது. ஊற்றிலும் குழாயிலும் சோதித்து, குடிக்க ஏற்றது என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. அந்த ஊரில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காற்றுச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினாள்.

"டீச்சர், ரெண்டு நாளா கொழாத் தண்ணியில வாடை அடிக்கி. காலையில ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் வேல முடிஞ்சி வந்து புடிச்சா அந்தப் பழைய ஓட வாடை."

"குடத்த நல்லா வெளக்கிட்டுப் புடிங்க பேச்சியம்மா."

"குடத்துல என்ன இருக்கு? கொழாயில மூக்க வச்சிப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"அடுத்த வெள்ளிக்கிழம எல்லாரும் அங்கன வாரோம்லா. அப்பப் பாப்போம்."

அந்த வெள்ளிக்கிழமைதான் என் தலைக்குள் இருந்தது. எங்கள் வேலைக்குப் பணம் கொடுத்து உதவுகிறவர்கள் இந்தக் குழாயை நேரில் பார்க்க வருவதாக இருந்தார்கள். பார்த்துத் திருப்தி ஆனால் அதே மலையில் இன்னும் மூன்று ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாம். அதற்கான அறிக்கையைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தினமும் குடிக்கிறவள், எந்த நேரத்தில் வாடை வருகிறது, எந்த நேரத்தில் வரவில்லை என்று சரியாகப் பார்த்துச் சொல்கிறாள். நான் குடத்தைக் கழுவச் சொல்லிவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருட வேலையில் என் பெரிய தப்பு எது என்று கேட்டால் இந்த போனைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் போன். இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

"மூணு பிள்ளைகளுக்கு வயித்தால போகுது டீச்சர். எம் மவளும் ஒண்ணு. சிவகிரிக்குக் கொண்டுட்டு வாரோம்."

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிவகிரி ஆஸ்பத்திரியில் மூன்று பிள்ளைகளுக்கும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளின் மகளுக்கு எட்டு வயது. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பேச்சியம்மாள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "பொழச்சிக்கிடுவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க போயி தண்ணியப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளைகளை இறக்கிக்கொண்டுவந்தது ஞானமுத்து அண்ணாச்சியின் ஜீப். அதே ஜீப்பில் அவரோடு நான் மேலே போனேன். வழியில் என் மனதைத் திருப்பவோ என்னவோ, அவர் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இத்தனை நாளும் பழத்தை அடுத்த தோட்டத்தில் கொடுத்துத்தான் உரித்துக்கொண்டிருந்தாராம். இந்த வருடம் சொந்தமாக ஒரு சின்ன பல்ப்பர் வாங்கிவிட்டார்.

"ஓடையில விடப்பிடாதுன்னு நெனச்சி, குழி வெட்டி அதுல விடுதேன்" என்றார்.

எங்கே வெட்டியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஊற்றுக்கு மேலே, நாற்பது அடி தூரத்தில் அந்தக் குழி இருந்தது. நிறைய பழுப்புத் தண்ணீர். மேலே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

பார்த்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. குழியிலிருந்து மண்ணுக்குள் கசிந்து ஊற்றில் இறங்குகிறது. வேறு என்ன இருக்க முடியும்? ஊற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். நேராகச் சிக்னல் பாறைக்குப் போய் எங்கள் ஆய்வகப் பொறுப்பாளருக்கு போன் போட்டேன்.

அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். எதிலும் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. இங்கேயும் எழுதவில்லை.

"அக்கா, காரணம் தெரிஞ்சிட்டு. ஊத்துக்கு மேலயே பல்ப்பர் குழி வெட்டியிருக்காங்க."

"கொழாய அடச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. மொதல்ல உங்ககிட்ட..."

"அப்ப எங்கிட்ட என்னட்டி பேசிட்டு நிக்க? போயி அடை. அடச்சிட்டு வந்து பேசு."

ஓடிப்போய், தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் வால்வைத் திருகி அடைத்தேன். அடைப்பதற்குள் வெள்ளிக்கிழமையை ஒரு தடவை நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த மூன்று ஊர் ஜனங்களின் முகமும் ஞாபகம் வந்தது. திரும்பவும் பாறைக்கு வந்தேன்.

"அடச்சிட்டேன்க்கா. வெள்ளிக்கிழம வாரவங்கள என்ன செய்ய?"

"வந்து அடச்ச கொழாயப் பாத்துட்டுப் போகட்டும். அத விடு. குழிய நீ பாத்த. குழித் தண்ணி ஊத்துக்கு வாரதப் பாத்தியா?"

"பாக்கல. ஆனா வேற எப்படி..."

"பாத்தத மட்டும் ஊர்ல சொல்லு. நெனச்சத வாய்க்குள்ளயே வச்சிக்கோ."

சரி என்று சொன்னேன். சொன்னபடி செய்யவில்லை.

ஐந்து மணிக்கு மேல் வேலைக்குப் போன பெண்கள் குடத்தோடு வந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியில் நிரம்பிய தண்ணீரில் அப்போது வாடை அடித்தது. அதிலும் ஒரு பாட்டில் எடுத்து வைத்தேன். தண்ணீரில் கெடுதல் இருந்தால் ஒரு நாள் போனதும் மருந்து போட்ட அந்தப் பாட்டில் கறுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கறுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் நாற்பது வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றுகொண்டு கேட்கும்போது காத்திருப்பது லேசில்லை.

"எதக் குடிக்க டீச்சர்? திரும்ப ஓடைக்கா போகச் சொல்லுதீங்க?"

"எதனால இப்படி ஆச்சு?"

"மேல அண்ணாச்சி புதுசா மிசின் போட்டிருக்காருல்லா, அதானா?"

கடைசியாகக் கேட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒரு பிள்ளையின் அப்பா. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. எனக்கோ, அந்த இடத்தில் ஒன்றும் தெரியாதவளாக நிற்க முடியவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. 'இருக்கலாம்' என்று நான் சொன்னது அடுத்த வீட்டுக்குப் போகும்போதே 'அதுதான்' என்று ஆகிவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் ஞானமுத்து அண்ணாச்சியின் தோட்டத்துக்குப் பறிப்புக்கு ஓர் ஆள்கூடப் போகவில்லை. செடியில் பழம் கறுத்துக் கீழே உதிர்கிற பருவம் அது. முந்தின நாள் பறித்த பழம் உரிக்காமல் குவியலாகக் கிடந்து சூடேறிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டார்கள்.

அவர் என்னைத் தேடி வந்தார். கோபப்பட்டு வந்திருப்பார் என்று எழுந்து நின்றேன்.

"மிசின நேத்தே நிப்பாட்டிட்டேன்மா. குழியையும் மூடச் சொல்லிட்டேன். என் மிசினாலதான் அந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஆச்சுன்னா நானே அத ஒடச்சிப் போடுதேன். ஆனா நெசமா அதானான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கேன்."

அவர் ஜீப் அப்போதும் நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் தண்ணீர் கேன்களோடு நின்றது. காலையிலேயே கீழே போய், யார் வீடு என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரைத் திட்டியவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

மதியம் பேச்சியம்மாள் மகளோடு திரும்பி வந்தாள். பிள்ளை நடந்து வந்தது. மூன்று மணிக்குப் பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். தொட்டியில் எடுத்தது கன்னங்கரேலென்று இருந்தது. ஊற்றில் எடுத்தது அப்படியே இருந்தது. ஒரு துளி நிறம் மாறவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், மாறிவிடும் என்று நினைத்தேன். பாருங்கள், ஒருவர்மேல் பழி போட்ட பிறகு அது உண்மையாகிவிட வேண்டும் என்று மனசு எப்படியெல்லாம் ஆசைப்படுகிறது. நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து பேச்சியம்மாள் கேட்டாள்.

"அண்ணாச்சி மிசின் நேத்திலேருந்து ஓடல. இப்பத் தொட்டிக்கு வாரத் தண்ணி எப்படி இருக்கு? மோந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இரண்டு பேரும் தொட்டிக்குப் போனோம். மணி நாலரை இருக்கும். தொட்டிக்குள் விழுகிற தண்ணீரைக் கையில் ஏந்தினாள். முகர்ந்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே வாடை.

"அன்னைக்கே சொன்னேன்லா, சாயங்காலம் மட்டுந்தான்னு. குழித் தண்ணி மண்ணுக்குள்ள எறங்குதுன்னா ராவும் பகலும்லா எறங்கும்? அதுக்கு மணி பாக்கத் தெரியுமா? சாயங்காலந்தான் மேல எல்லாத் தோட்டத்துலயும் பழம் உரிப்பாக. அந்தத் தண்ணி ஓடைக்குத்தான போகுது."

வேதியியல் படித்தவள் நான். இதை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் மேலே ஏறி, ஊற்றிலிருந்து குழாயை ஒட்டியே இறங்கினோம். வழியில் மூன்று இடங்களில் குழாயைத் திறந்து பார்க்கிற வசதி உண்டு. முதல் இடத்தில் வாடை இல்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. மூன்றாவதில் இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் குழாய் ஓடையைக் கடக்கிறது.

அந்த இடத்தைப் பற்றி இதுவரை உங்களிடம் நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே அது மறந்துபோயிருந்தது. அங்கே இரும்புக் குழாயைத் தண்ணீருக்கு மேலாக உயர்த்திக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் திட்டம். திறப்பு நாளைக்குள் இரும்புக் குழாய் வந்து சேரவில்லை. அதனால் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை ஓடையின் அடியில் போட்டுக் கல்லை அடுக்கினோம். இணைப்பைச் சைக்கிள் ட்யூபால் கட்டினோம். 'பிறகு மாற்ற வேண்டும்' என்று எழுதிய தாளில் என் கையெழுத்தும் இருந்தது. திறப்பு விழா முடிந்தது. 'பிறகு' வரவே இல்லை.

பேச்சியம்மாள் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்டினாள். ட்யூப் அழுகிக் கிழிந்து, இணைப்பு விலகியிருந்தது. ஆவணியில் ஊற்று பெருகி ஓடியதால் குழாய் நிறையத் தண்ணீர் போனது. உள்ளே இருப்பது வெளியே கசிந்திருக்குமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வந்திருக்காது. அந்த வருடம் ஐப்பசி மழை சரியில்லை. ஊற்று இளைத்துவிட்டது. குழாயில் பாதித் தண்ணீர்தான் ஓடியது. விலகிய வாய் வழியாக ஓடை உள்ளே புகுந்துவிட்டது. தொட்டியில் போட்ட குளோரினையும் அந்தக் காப்பித் தண்ணீர் தின்றுவிட்டது. பிள்ளைகள் குடித்தது ஊற்றுத் தண்ணீர் இல்லை. நாங்கள் பைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த ஓடைத் தண்ணீர்.

நுரை மிதக்கிற அந்தத் தண்ணீரில் முழங்கால்வரை நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பேச்சியம்மாள் கல்லை விட்டுவிட்டுக் கரையேறினாள்.

"அழுது என்ன செய்ய? வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே எல்லார்ட்டயும் சொல்லிருவோம்" என்றாள்.

'சொல்லிருவோம்' என்றாள். 'சொல்லுங்க' என்று சொல்லவில்லை. அந்தத் தப்பில் அவளுக்கு ஒரு பங்கும் கிடையாது.

தொட்டிப் பக்கம் எல்லோரையும் கூப்பிட்டாள். ஞானமுத்து அண்ணாச்சியையும் ஆள் விட்டு வரச் சொன்னாள். நான் என்ன பேசினேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"தப்பு எங்க மேலதான். ஓடையக் கடக்குற எடத்துல சரியான கொழா போடாம விட்டுட்டோம். அதுக்குக் கையெழுத்துப் போட்டவ நான். அண்ணாச்சி மிசினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பாக்காமலே இருக்கலாம்னு சொன்னேன். அதுவும் தப்பு. அண்ணாச்சி என்னய மன்னிக்கணும்."

முந்தின நாள் கேட்ட அந்த அப்பாதான் முதலில் பேசினார்.

"பிள்ளைகளுக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. மன்னிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை.

ஞானமுத்து அண்ணாச்சி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மெல்ல முன்னால் வந்தார்.

"இரும்புக் கொழா எப்ப வரும்?"

"நாளைக்கே அனுப்பச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"அதத் தாங்குறதுக்குத் தண்ணிக்கு மேல என்ன வைப்பீங்க? எங்கிட்ட ரெண்டு சில்வர் ஓக் வெட்டிக் கெடக்கு. ஓடைக்குக் குறுக்க போட்டுருவோம்."

தன்மேல் விழுந்த பழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. புதன்கிழமை காலையில் அவர் வாசலில் நின்று திட்டிய அதே இரண்டு பேர் மரத்தின் ஒரு முனையைத் தூக்கினார்கள். மறு முனையில் அவர் தோள் கொடுத்தார். பெண்கள் பேச்சியம்மாளோடு அவர் தோட்டத்துக்குப் போய் மூன்று நாளும் இருட்டும்வரை நின்று மிச்சப் பழத்தைப் பறித்து முடித்தார்கள். குவியலில் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான். அதற்காக நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பார்த்தது, அடைத்த குழாயையும், சேறும் சகதியுமாக ஓடைக்கரையில் நின்ற எங்களையும்தான். அக்காவும் அன்றைக்கு வந்திருந்தார். நான் தயாரித்த அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மற்ற மூன்று ஊர்களுக்கான முடிவைத் தள்ளிவைத்தார்கள். ஒரு வருடம் பிந்தித்தான் அங்கே வேலை தொடங்கியது. அந்த ஒரு வருடமும் மூன்று ஊர் ஜனங்கள் ஓடைத் தண்ணீர் குடித்தார்கள். என் தப்பால் அவர்களும் கஷ்டப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த மூன்று ஊர்களிலும் குழாய் ஓடையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் இரும்புக் குழாய் தண்ணீருக்கு மேலேதான் போகிறது.

ஜீப்பில் இறங்கி வரும்போது நான் 'இருக்கலாம்' என்று சொன்னதை அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எல்லாரும் சுத்தி நிக்கும்போது தெரியாதுன்னு சொல்லுறது கஷ்டந்தாம்ட்டி. நானும் ஒரு தடவ அப்படிச் சொல்லாம விட்டுருக்கேன்" என்றார். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் என்னோடு வேலை பார்த்தவர், என்னைத் தேற்றுவதற்காகத் தன் தப்பைத் திறந்து காட்டினாரே, அதை நான் மறக்க மாட்டேன்.

நீங்கள் நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் இதே மாதிரி நிற்பீர்கள். சுற்றி ஆட்கள் நிற்பார்கள். பதில் கேட்பார்கள். முதலில் குழாயை அடையுங்கள். பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வாய் வராது. வரவழைத்துச் சொல்லுங்கள். தினமும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் சொல்வதை உங்கள் பாட்டிலுக்குச் சமமாக வையுங்கள். சில நாள் பாட்டிலுக்கு மேலாகவும் வையுங்கள். இதற்குமேல் எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு பாட்டில் வைத்துப் பார்ப்பதைப் பேச்சியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். தொட்டி வால்வின் சாவியும் அவளிடம்தான் இருந்தது. இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், கொழாய அடச்சிட்டேன். வந்து பாருங்க."

போனைப் பிடித்தபடியே ஐஸ் பெட்டியை எடுத்தேன். "யாருக்காவது முடியலையா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. தண்ணி கொஞ்சம் கலங்கின மாதிரித் தெரிஞ்சுது. அடச்சிட்டேன்."

"யார்ட்ட கேட்டு அடச்சீங்க?"

"என்னத்துக்குக் கேக்கணும்?" என்றாள்.

அன்றைக்கு சிவகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால், ஊற்றுப் பக்கம் மண் சரிந்து கொஞ்சம் சேறு இறங்கியிருந்தது. அரை நாள் வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் வரிசையாகக் குடங்கள் காலியாக இருந்தன. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பேச்சியம்மாளின் மகளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். ஏன் அடைத்தாய் என்று பேச்சியம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. திறக்கும்வரை காத்திருந்தார்கள்.